ஒன்று பத்துக்கு ஆஜர்

இந்த அக்காவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். என்னைவிடப் பதினான்கு வயது சிறியவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எழுபது வயதுப் பெரியவரும் அக்கா என்கிறார், கல்லூரிப் பெண்ணும் அக்கா என்கிறாள், நான் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? கொஞ்ச நாள் "மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன். "மேடம்னா எங்க மேட்ரன் திரும்பிப் பாக்கறாங்க சார்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அவருக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டிடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. சுவரோரம் நான்கு ராட்சத எந்திரங்கள், நடுவில் நீளமாக ஒரு தகர மேஜை. மேலே உள்ள ஏழு மாடிகளின் அழுக்கும் அந்த மேஜைக்குத்தான் வரும். டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, வார்டு பையன்களின் சட்டை எல்லாவற்றின் பைகளையும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் எந்திரத்தில் போடவேண்டும். அந்தத் துழாவுகிற வேலை அக்காவுடையது. பேனா, மூடியில்லாத மருந்துக் குப்பி, பாதி தின்ற பிஸ்கட், ஒருமுறை ஒரு பல் செட்டு. ஒரு பேனா தப்பினால் நாற்பது கோட்டு நீலமாகிவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தப்பவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும், உண்மைதானே.

எல்லாம் தொடங்கியது ஒரு பையிலிருந்துதான். ஒரு நர்ஸின் உடுப்புப் பையில் மருந்து அட்டையைக் கிழித்து அதன் பின்புறம் நான்கு வரி எழுதியிருந்தது. பதினோராம் படுக்கைக்காரர் தண்ணீர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் மகன் தம்ளரைப் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றான், அவ்வளவுதான் விஷயம். வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். அக்கா அதைத் துவைத்த உடுப்போடு சேர்த்து மடித்துத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அப்புறம் அவர் குடிச்சாரா?"

மறுநாள் பையில் பதில் வந்தது. எட்டு வரி. அதற்கும் அக்கா ஒரு கேள்வி கேட்டார். இரண்டு மாதம் இப்படியே சலவைக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே தபால் நடந்திருக்கிறது. பிறகு அந்த நர்ஸ் தன் தோழியைச் சேர்த்தாள், தோழி தன் அண்ணனைச் சேர்த்தாள், "எதுக்குக்கா சட்டைப் பை, போன்லயே குரூப் போட்டுடலாம்" என்றார்கள். போட்டார்கள்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். குரூப் என்று ஒன்று வந்தால் அதில் பூச்செண்டுப் படம் வரும், "அருமை அருமை" வரும், அருமை சொல்லாதவன்மேல் கோபம் வரும். பெண்களின் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு தனியாக "சாப்டீங்களா?" என்று விசாரிக்கும் கனவான்களும் வந்தார்கள். மூன்றே வாரம். அக்கா குரூப்பை இழுத்து மூடினார்.

"எல்லாரும் எனக்கு அனுப்புங்க. நான் எல்லாருக்கும் அனுப்பறேன். யாரு நம்பரும் யாருக்கும் தெரிய வேணாம், பேரும் வேணாம். செய்யற வேலையோ பட்டப்பேரோ போதும்" என்றார்.

இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்து பாருங்கள், தெரியும். உலர்த்தும் எந்திரம் ஒருமுறை ஓட நாற்பது நிமிடம். ஒரு மணிக்கு அதை ஓடவிட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கை கழுவி, சரியாக ஒன்று பத்துக்கு எல்லாருக்கும் ஒரே வார்த்தை அனுப்புவார்: "ஆஜரா?" எழுதியவர்கள் எழுதியதை அனுப்புவார்கள். எழுதாதவர்கள் "எழுதலை" என்று அனுப்புவார்கள். இரண்டும் ஆஜர்தான், இரண்டுக்கும் ஒரே மரியாதை. பிறகு நாற்பத்து மூன்று பேர் அனுப்பியதையும் ஒன்றாகக் கோத்து, எழுதலை என்றவர்களின் பட்டப்பெயரையும் விடாமல் போட்டு, எந்திரம் நிற்பதற்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். பாராட்டக் கூடாது, திருத்தக் கூடாது, மற்றவர்கள் எழுதியதைப் படித்ததும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும். பிடித்திருந்தால் எழுதினவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் அக்கா மூலமாகத்தான். யாராவது ஒருநாள் ஆஜர் சொல்லவில்லையென்றால் மறுநாள் காலை அக்காவின் போன் வரும். "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பார்.

அவரே ஒருநாளும் எழுதியதில்லை. "எனக்கு எழுத வராது சார். அடுத்தவங்க பையைப் பாக்கத்தான் வரும்" என்பார்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று சொல்கிறேன். நான் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். இருபத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரித் துணிகளுக்குக் கட்டும் சீட்டு எங்களிடம்தான் அச்சாகும். வெந்நீரில் மை கரைகிறது என்று சண்டை போட அக்கா வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் என் மேஜையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க என்ன எழுதுவீங்க சார்?"

"நான் எழுதறதில்லம்மா. எழுதினதை அடிப்பேன்."

"அடிச்சு முடிச்சப்புறம்?"

எனக்குச் சுருக்கென்றது. மேஜையின் கடைசி இழுப்பறையில் பதினோரு வருடமாக முப்பத்திரண்டு பக்கத்தோடு நின்றுபோன ஒரு நாவல் கிடந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத இந்த அம்மாளிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் ஒன்று பத்துக்கு என் போனில் "ஆஜரா?" என்று வந்து நின்றது. எனக்கு வைத்த பெயர் புரூஃப் சார்.

சேர்ந்தேனே தவிர, என் புத்தி போகுமா? மற்றவர்கள் எழுதுவதைப் படித்தால் எனக்குக் கை பரபரக்கும். திருத்தக் கூடாது என்பது சட்டம். அதனால் தினமும் அக்கா அனுப்புவதை அச்சகத்தின் கழிவுத்தாளில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்புப் பேனாவால் ஆசைதீர அடிப்பேன். யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். "ஏங்க, சம்பளம் குடுத்து அடிக்கறது பத்தாதா, வீட்லயும் ஓசியில அடிக்கணுமா?" என்பாள். மூன்று வருடத்தில் ஒரு பீரோத் தட்டு நிறைந்துவிட்டது.

அதிகம் அடிவாங்கியவர் ஜன்னல்காரர். கிரேன் ஓட்டியவராம். முதுகெலும்பில் அடிபட்டு மாடி இறங்க முடியாமல் வீட்டோடு இருப்பவர். ஜன்னலிலிருந்து தெரிவதை மட்டும்தான் எழுதுவார். எதிர்வீட்டுத் தொட்டி மூடிமேல் ஒரு ஸ்கூட்டர் டயர் வைத்திருக்கிறார்கள். எதிர்மாடிக் கைப்பிடிச் சுவர் என் கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் கீழே. கண்ணாடிக் கட்டிடத்தில் பட்ட வெயில் நாலு ஆறுக்கு என் ஜன்னலுக்கு வந்தது, நாலு பதினேழுக்குப் போனது. தினமும் இதே பாட்டு. எனக்கு எரிச்சல் தாங்காது. "இது எழுத்தா, சர்வே ரிப்போர்ட்டா?" என்று ஓரத்தில் எழுதுவேன். "தேவையற்ற விவரம்" என்று ஒரு கோடு இழுப்பேன்.

போன வருடம் அவருடைய மனைவி இறந்துபோனார். அக்கா எங்களுக்கு ஒரு வரியில் தெரிவித்தார். அதன்பிறகு ஜன்னல்காரரிடமிருந்து "எழுதலை" மட்டும்தான். முப்பத்தெட்டு நாள் எண்ணியிருக்கிறேன். முப்பத்தொன்பதாம் நாள் அக்காவின் "ஆஜரா?" யாருக்கும் வரவில்லை.

இங்கே என் மூளை எப்படி வேலை செய்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முந்தின நாள்தான் ஒருவரிடம் கொஞ்சம் குத்தலாகக் கேள்வி கேட்டிருந்தேன். அதற்காக என்னைத் தூக்கிவிட்டார் என்று நினைத்தேன். போனால் போகிறது போ, எனக்கென்ன என்று முறுக்கிக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். ஒன்று பத்துக்குப் போனைப் பார்ப்பேன். பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நான்காம் நாள் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சலவைக்கூடத்துக்கு இறங்கினேன். அக்கா வேலை செய்யும் இடம் தெரிந்தவன் வெளி ஆட்களில் நான் ஒருவன்தான்.

அக்கா மேஜையடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனைத் துவைச்சுட்டேன் சார்."

"என்னது?"

"என் ஏப்ரான் பையில இருந்துச்சு. எல்லார் பையையும் பார்த்தேன், என் பையைப் பாக்கல. கழட்டிக் கூடையில போட்டுட்டேன். தொண்ணூறு டிகிரில ஒரு மணி நேரம் சுத்தியிருக்கு. சிம்மும் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வேறு சிம் வாங்கினால் அதே நம்பர் கிடைக்குமே என்றேன். அந்த நம்பர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதாம். அவர் அக்காவையும் கைக்குழந்தையையும் தன் அம்மாவையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் போனவர். அந்த மாமியாரும் மகளும் அக்காவும்தான் இன்றைக்கும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். கம்பெனியில் அவர் நேரில் வரவேண்டும் என்றிருக்கிறார்கள். "நானும் அதைத்தாம்மா பன்னண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்னுட்டு வந்துட்டேன்" என்றார்.

"சரி, விடுங்க. ஒவ்வொருத்தரா தேடிக்கலாம். இதுக்கா அழறீங்க?"

"எல்லாருக்காகவும் இல்ல சார். ஜன்னல்காரருக்காக."

ஆஜர் நின்றுபோனதற்கு முந்தின நாள் மாலை, போன் எந்திரத்துக்குள் போவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. 'எல்லாத்தையும் நாளையோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன் அக்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேன்.' ஆபரேஷன் தியேட்டர் துணி வந்து மலையாகக் குவிந்திருந்தது. இந்தத் தடவை போட்டுவிட்டு உடனே கூப்பிடலாம் என்று போனைப் பையில் செருகியிருக்கிறார். அவ்வளவுதான்.

நான்கு நாள் ஆகிவிட்டது. அதில் மூன்று நாள் நான் முறுக்கிக்கொண்டிருந்த நாள்.

போலீஸுக்குப் போகவில்லையா என்றேன். போயிருக்கிறார். பெயர் என்ன என்றார்களாம். தெரியாது. நம்பர்? தெரியாது. தெரு? தெரியாது. பிறகு என்னதான் தெரியும் என்று கேட்டதற்கு, "ஜன்னல்லேர்ந்து என்ன தெரியும்னு தெரியும்" என்றிருக்கிறார். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"அவர் எழுதினதெல்லாம் போனோட போச்சு சார். ஞாபகத்துல இருக்கறது கொஞ்சம்தான். அது இருந்தாலாவது ஏதாவது..."

நான் அப்போது பேசாமல் நின்றேன். பேசினால் என் பீரோத் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் அவருடைய சட்டத்தை மூன்று வருடம் மீறியிருக்கிறேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் அம்மா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

"எங்கிட்ட இருக்கு. எல்லாம் இருக்கு. ஆனா... அடிச்சு வெச்சிருக்கேன்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப எடுத்துட்டு வாங்க. அப்புறமா திட்டிக்கறேன்."

அந்தத் தகர மேஜைமேல் கட்டைப் பிரித்துப் போட்டபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜன்னல்காரர் எழுதியதை மட்டும் பொறுக்கி எடுத்தோம். எங்களுக்குத் தேவையானது எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்தது. டயர், கைப்பிடிச் சுவர், நிமிடக் கணக்கு, பஸ் சத்தம் எல்லாம். நான் "நன்று" என்று விட்டுவைத்திருந்த வரிகள் வானத்தையும் மனசையும் பற்றியவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு தெருமுனையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

பஸ் என்றதும் அக்காவுக்குக் கண்டக்டர் தங்கச்சியின் நினைவு வந்தது. அவளும் நாற்பத்து மூவரில் ஒருத்தி. எந்த நம்பர் பஸ்ஸில் வேலை பார்க்கிறாள் என்று தன் வரிகளிலேயே எழுதியிருந்தாள். மறுநாள் அக்கா பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அரைநாள் லீவு போட்டார். ஸ்டாப்பில் நின்று மூன்று பஸ்ஸை விட்டு நான்காவதில் பிடித்தோம். அக்கா ஏறியதும், "தங்கச்சி, நான்தான் சலவை" என்றார். அந்தப் பெண் டிக்கெட் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் ஜன்னல்காரர் வரியைப் படித்துக் காட்டினேன். "பஸ் பின்வாங்கும்போது மூன்று விசில். இரண்டு சின்னது, ஒன்று நீளம். நீள விசில் முடியும்போது சக்கரம் சுவரில் இடிக்கிற சத்தம்." அதன் குறுக்கே நான் போட்ட கோடு.

கண்டக்டர் தங்கச்சி யோசிக்கவே இல்லை. "பழைய டெர்மினஸ்! மத்த இடத்துல எல்லாம் சுத்தித் திருப்பலாம். அங்க மட்டும்தான் இடம் இல்லாம குருட்டாம்போக்குல பின்னால எடுக்கணும், சுவர்ல இடிக்கறவரைக்கும். இவர் அதைக் கேட்டுக்கிட்டா இருக்காரு? அய்யோ, அது நான் அடிச்ச விசிலா இருக்கும் சார்!"

பழைய டெர்மினஸில் இறங்கும்போது மணி மூன்று இருக்கும். பின்னால் இரண்டு தெருக்கள் பிரிந்தன. கண்ணாடிக் கட்டிடம் ஒன்று கிழக்கே நின்றது. நான் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். முதல் தெருவில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தெருவில் பாதி தூரம் போனதும் அக்கா நின்றுவிட்டார். கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஒரு இரண்டு மாடி வீட்டின் மேல் கறுப்புத் தொட்டி. தொட்டியின் மூடிமேல் ஒரு ஸ்கூட்டர் டயர்.

மூன்று வருடமாக நான் எழுத்து என்று ஒப்புக்கொள்ளாத ஒரு வரி, வெயிலில் தலைக்குமேல் நிஜமாக உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டயருக்கு எதிரே ஒட்டினாற்போல் இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்கள், ஒவ்வொன்றும் நான்கு மாடி. கைப்பிடிச் சுவர் கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் கீழே என்றால் மூன்றாம் மாடி. கிரேன் ஓட்டியவர் கண், தப்பாது. ஆனால் மூன்றாம் மாடியில் இரண்டு கட்டிடத்துக்கும் சேர்த்துத் தெருவைப் பார்த்து எட்டு ஜன்னல். வாசல் கேட்டில் நின்ற காவல்காரர் உள்ளே விடமாட்டேன் என்றார். எந்த வீடு என்று கேட்டார். பெயர் சொல்லச் சொன்னார்.

"நாலு ஆறு வரைக்கும் நில்லுங்க சார்" என்றார் அக்கா.

அதற்கு முந்தின வருடம் இதே மாதம், இதே வாரம் அவர் எழுதிய தாளை மேலே எடுத்து வைத்தேன். மூன்று பேரும் எதிர் நடைபாதையில் நின்றோம். காவல்காரரும் என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நாலு மணி. நாலு மூன்று. கண்டக்டர் தங்கச்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலு ஐந்து. கண்ணாடிக் கட்டிடத்தின் ஓரத்தில் பட்ட வெயில் மெல்லத் திரும்பி, முதல் கட்டிடத்தின் சுவரில் விழுந்து, குழாயைத் தாண்டி நகர்ந்து, நாலு ஆறுக்கு மூன்றாம் மாடியின் கடைசி ஜன்னலில் போய் நின்றது. அந்த ஒன்று மட்டும் பளீரென்று எரிந்தது.

"அடேயப்பா" என்றார் காவல்காரர். அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார். காவல்காரர் தடுக்கவில்லை.

படியேறும்போது என்ன பார்க்கப்போகிறோம் என்ற பயம் மூன்று பேருக்கும் இருந்தது. அக்கா கதவைத் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். கையை எடுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே ஏதோ நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

உயரமான மனிதர். இடுப்பில் பட்டை, கையில் தடி, பத்து நாள் தாடி. எங்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். அக்கா, "நான்தான். ஆஜர் கேக்கறவ" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றார் அவர்.

"போன் போயிடுச்சுங்க. என் தப்பு."

"அன்னைக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். ஒண்ணு பத்துக்கு நீங்க கேப்பீங்க, பதில் சொல்லிட்டு முடிச்சுக்கலாம்னு உக்காந்திருந்தேன். மூணு வருஷமா சொல்லிட்டு, அன்னைக்கு மட்டும் சொல்லாம போறது மரியாதை இல்லன்னு தோணுச்சு. நீங்க கேக்கல. சரி, நாளைக்குக் கேப்பாங்கன்னு இருந்தேன். அடுத்த நாளும் கேக்கல. இப்படியே அஞ்சு நாள் ஆச்சு."

கண்டக்டர் தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்கா உள்ளே போய், மேஜையிலிருந்த மாத்திரைப் புட்டி இரண்டையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து இதற்கென்று இருக்கும் டாக்டரம்மாவை அக்கா கூட்டிவந்ததும், அந்த டாக்டரம்மா இன்றைக்கும் வாரம் ஒருமுறை வருவதும் பிறகு நடந்தவை.

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? யாருக்கும் தெரியாதே" என்றார்.

நான் தாள்களை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டுபோய், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் அடிச்சதுங்க. வேண்டாததுன்னு அடிச்சேன். அதை வெச்சுத்தான் வந்தோம். டயர் இருந்துச்சு. மூணு விசில் இருந்துச்சு. வெயில் நாலு ஆறுக்கு வந்துச்சு. ஒரு நிமிஷம்கூட முன்னப்பின்ன இல்ல. நான் இருபத்தொன்பது வருஷமா படிக்கறேன், இப்படி ஒருத்தர் எழுதிப் பார்த்ததில்ல. என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். பாராட்டக் கூடாது என்ற சட்டமும் அதோடு போயிற்று. அக்கா என்னைத் தடுக்கவில்லை.

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். இல்லை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"எல்லாம் இருக்கு சார். அவ மட்டும் இல்ல. அவ போனப்புறம் முதல் நாள்லேர்ந்து எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தேன். மூணு வருஷம். டயர் இருக்கு, சுவர் இருக்கு, முகம் தெரியாத கண்டக்டர் விசில் இருக்கு. இந்த அறையிலதான் அவளும் இருந்தா. ஒரு வரி இல்ல. நான் வெளியிலயே பார்த்துட்டு இருந்திருக்கேன். இதுக்கப்புறம் எதை எழுத?"

ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் பொய்தான் வரும் போலிருந்தது. கண்டக்டர் தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். அக்கா மட்டும் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், ஒரு சட்டையைத் துழாவுகிற நிதானத்தோடு. கட்டில், அலமாரி, ஜன்னலோரம் அவருடைய நாற்காலி. பிறகு அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க இங்க உக்காந்து எழுதறப்போ, அவங்க என்ன செய்வாங்க?"

அவர் ஜன்னல் பக்கமிருந்து நாற்காலியைத் திருப்பினார். இடுப்புப் பட்டையோடு அது லேசான காரியம் இல்லை. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார். அறையின் உள்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தார். வெயில் போய்விட்டிருந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

"டீ கொண்டு வருவா" என்றார். "நான் எழுதறது கலைஞ்சுடக் கூடாதுன்னு சத்தமே இல்லாம வெச்சுட்டுப் போவா. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். கை பட்டு, டம்ளர் சுடும் பாருங்க. அப்பத்தான் அவ வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியும்."